கறி தொட்டியில் வளரட்டும், கழிவு எங்கே போகும்?

சென்ற வருடம் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் பேத்தி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். சின்னப் பாக்கெட், உள்ளே கோழிக்கறி போல ஏதோ ஒன்று. கீழே, "தாத்தா, இது கோழியைக் கொல்லாம எடுத்த கோழிக்கறி. நான் சாப்பிட்டுட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

அவள் கல்லூரியில் படிக்கும்போதே கறியை விட்டவள். பிராய்லர் பண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ஆம்பூரில் பிறந்து வளர்ந்து பிரியாணி வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவள்தான். அவள் பாட்டிக்கு அதில் பெரிய வருத்தம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு மட்டும் வெறும் சோறும் கத்திரிக்காயும் வைக்க வேண்டியிருந்ததே!

இரவு போனில் பேசும்போது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "இது எல்லா ஊருக்கும் வந்துட்டா உங்க தோல் கம்பெனியெல்லாம் என்ன பண்ணும் தாத்தா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒரு வரி. 1972ல் வேலைக்குச் சேர்ந்து 2012ல் ஓய்வு பெறும் வரை நாற்பது வருடம் தோல் தரம் பிரித்தவன் நான். ஒரு தோலைக் கையில் எடுத்து விரல்களுக்கு நடுவில் ஓட்டினால் போதும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறல், சூடு போட்ட இடம், உரிக்கும்போது பட்ட கத்தி வெட்டு எல்லாம் தெரிந்துவிடும். ஆடு எந்தப் பக்கத்துக் காட்டில் மேய்ந்தது என்றுகூட ஓரளவு சொல்லிவிடுவேன். அந்த விரல்கள் இப்போது பேப்பர் புரட்டவும் இதை டைப் செய்யவும்தான் உதவுகின்றன.

பேத்தி கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று பல மாதமாகப் படித்தேன். படித்ததையும், என் அனுபவத்தில் தோன்றியதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது என்ன பொருள் என்று பார்ப்போம். உயிருள்ள மாட்டிலிருந்தோ கோழியிலிருந்தோ கொஞ்சம் செல்களை எடுக்கிறார்கள். அதைச் சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, வைட்டமின் கலந்த நீரில் போட்டு, உடம்புச் சூட்டிலேயே வைத்து, ஒரு கிருமிகூட நுழையாமல் எவர்சில்வர் தொட்டிகளில் பெருக்குகிறார்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் போஸ்ட் 2013 ஆகஸ்ட் 5ஆம் தேதி லண்டனில் அப்படி வளர்த்த மாட்டுக்கறியைப் பொரித்துக் காட்டினார். ஒரே ஒரு பர்கர். ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின் அந்தப் பணத்தைக் கொடுத்தார்.

விற்பனைக்கு முதலில் அனுமதித்த நாடு சிங்கப்பூர், 2020 டிசம்பரில். அமெரிக்கா 2023 ஜூனில் இரண்டு கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்தது. அதே வருடம் நவம்பரில் இத்தாலி அடியோடு தடை போட்டது. 2024ல் அமெரிக்காவிலேயே புளோரிடா மாநிலமும் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் இன்னும் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் ஆராய்ச்சி நடக்கிறது. ஐதராபாத்தில் உள்ள சி.சி.எம்.பி.யும் தேசிய இறைச்சி ஆராய்ச்சி மையமும் சேர்ந்து இதில் இறங்க 2019ல் மத்திய அரசு பணம் ஒதுக்கியது. கொச்சியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், மீன் செல்லிலிருந்து மீன்கறி வளர்க்க 2024ல் ஒரு தனியார் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது.

பேத்தி வாங்கிய பாக்கெட்டின் கதையும் சுவாரசியமானது. 120 கிராம், 7 வெள்ளி 20 காசு. நம் பணத்துக்கு 450 ரூபாய்க்குப் பக்கம். அதில் தொட்டியில் வளர்ந்த கோழி எவ்வளவு தெரியுமா? 3 சதவீதம். பாக்கியெல்லாம் பெரும்பாலும் செடிப் புரதம். பெயரிலேயே அந்த 3 என்ற எண்ணைப் போட்டு விற்றார்கள், மறைக்கவில்லை. இருந்தாலும் நான் பேத்தியிடம் சொன்னேன்: "நூறு கிலோ தோல்ல மூணு கிலோதான் தோலு, மீதி ரெக்சின்னு எவனாவது கொண்டு வந்தா, நான் அதைத் தோல்னு எழுத மாட்டேம்மா." அவள், "தாத்தா, நீங்க இன்னும் கிரேடிங் பண்றத விடலையா?" என்றாள்.

சரி, தோலுக்கு வருவோம். வெளியில் இருப்பவர்கள் பலர், தோலுக்காகத்தான் மாட்டையும் ஆட்டையும் வெட்டுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். என் நாற்பது வருடத்தில் தோலுக்காக ஓர் ஆட்டை வெட்டியவனை நான் பார்த்ததில்லை. ஆடு கறிக்காக வெட்டப்படுகிறது. மாடு பாலுக்கும் உழவுக்கும் வளர்க்கப்பட்டு, வயதானதும் பொய்கைச் சந்தை போன்ற இடங்களில் கை மாறிக் கறிக்குப் போகிறது, அல்லது தானாகச் செத்து விழுகிறது. தோல் கடைசியில் மிஞ்சும் பொருள். கறிக்கடைக்காரர் ஆட்டின் விலையைக் கறியில் எடுத்துவிடுவார். தோலில் வருவது அவருக்கு டீச்செலவு மாதிரி.

இப்போது அந்த டீச்செலவும் போய்விட்டது. ஒரு காலத்தில் பக்ரீத் வந்தால் குர்பானித் தோலை மதரஸாவுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில் பல பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் நடந்தது. இப்போது தோல் வாங்க ஆள் வருவதில்லை. மண்டி வைத்திருந்த என் நண்பர் ஒரு பாய், போன பக்ரீத்துக்கு மறுநாள் என்னிடம் சொன்னார்: "அண்ணே, உப்பு வாங்குற காசுக்குக்கூட தோல் போகல. குழி தோண்டிப் புதைச்சுட்டேன்." நாற்பது வருடம் தோலைத் தடவிப் பார்த்தவனுக்கு அதைக் கேட்க என்னவோ போல் இருந்தது. வெட்டிய பிறகு தோலையும் பயன்படுத்தாமல் மண்ணில் போட்டால், அந்த ஆட்டுக்கு நாம் செய்யும் மரியாதை அவ்வளவுதானா?

ஆக, பேத்தியின் கேள்விக்கு என் முதல் பதில் இது. கறி தொட்டியில் வளர்ந்தால் தோல் வராது, உண்மை. ஆனால் தோல் தொழில் அதற்காகக் காத்திருக்கவில்லை. ரெக்சினும் துணியும் பிளாஸ்டிக்கும் ஏற்கெனவே பாதியை எடுத்துக்கொண்டன. செய்யாறு பக்கம் போய்ப் பாருங்கள், தோலே தொடாத விளையாட்டு ஷூக்களை ஆயிரக்கணக்கான பெண்கள் தைக்கிறார்கள்.

அவள் கேட்காத இரண்டாவது கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் புதுக் கறி உண்மையிலேயே சுத்தமா? இதைக் கேட்க உலகத்தில் எங்களைவிடத் தகுதியான ஊர்க்காரர்கள் கிடையாது. ஏனென்று சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் தோல்ஷாப்பில் பாதி வேலை பழைய முறையில்தான் நடந்தது. சுண்ணாம்புக் குழியில் போட்டு முடி நீக்கி, சவ்வு எடுத்து, ஆவாரம் பட்டை, வாட்டில் பட்டை, கடுக்காய் என்று வாரக்கணக்கில் ஊற வைப்பார்கள். அந்தச் சமயத்தில்தான், பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்யாதே, முழுதாக முடித்த தோலாக அனுப்பு என்று மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டு வந்தது. குரோம் வந்தது. பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை டிரம்மில் ஒரே நாளில் முடிந்தது. வெளிநாட்டு மெஷின், வெளிநாட்டு ஆர்டர், கை நிறையச் சம்பளம். அதை எல்லோரும் நவீனம் என்றார்கள். நானும்தான் சொன்னேன். தண்ணீர் எங்கே போகிறது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பாலாற்றுக்குத்தான் போனது. ஆற்றங்கரையில் எங்கள் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. 1980களின் தொடக்கத்தில் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாமல் போனது. பிறகு தென்னை மட்டைகள் நுனியிலிருந்து கருக ஆரம்பித்தன. எங்கள் அண்ணன் ஒருநாள் மாலை ஒரு செம்புத் தண்ணீரோடு வீட்டுக்கு வந்தார். என் முன்னால் வைத்து, "குடிச்சுப் பாருடா, உன் கம்பெனித் தண்ணி" என்றார். நான் குடிக்கவில்லை. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு வழக்கம்போல வேலைக்குப் போனேன். என் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டியது அந்தச் சம்பளம்தான். அண்ணன் கடைசி வரை அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அந்தச் செம்பு மட்டும் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வேலூர் மக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தி முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதும், இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன. இழப்பீட்டுக்கு ஆணையம், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் என்று வரிசையாக வந்தன. சுத்திகரிப்பு நிலையம் வந்த பிறகும் முடியவில்லை. 2015 ஜனவரி கடைசி நாள் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் பத்துப் பேர் செத்தார்கள். இழப்பீடும் சுத்தமும் இன்னும் முழுதாக நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30ஆம் தேதி மறுபடியும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறக்காத என் பேத்தி, இரண்டாம் தீர்ப்பு வந்தபோது சிங்கப்பூரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்த 1996 தீர்ப்பில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. ஒரு தொழில் கேடு செய்கிறது என்று பாதிக்கப்பட்டவன் நிரூபிக்க வேண்டியதில்லை. கேடு இல்லை என்று தொழில் நடத்துபவன்தான் நிரூபிக்க வேண்டும். முன்னெச்சரிக்கைக் கொள்கை என்று இதைச் சொல்கிறார்கள். இந்தியா முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்று எடுத்துக்காட்டுவது எங்கள் வேலூர் வழக்கைத்தான். எங்கள் ஆறு கொடுத்த விலையில் நாட்டுக்கு ஒரு சட்டம் கிடைத்தது.

அந்த அளவுகோலை எடுத்துத் தொட்டிக் கறியின் மேல் வைத்துப் பார்க்கிறேன்.

2011ல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். வளர்ப்புக் கறி வந்தால் பூமியைச் சூடாக்கும் வாயுக்கள் 78 முதல் 96 சதவீதம் குறையும், நிலம் 99 சதவீதம் மிச்சமாகும் என்றார்கள். 2023ல் அமெரிக்காவின் டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் வேறு கணக்குப் போட்டார்கள். செல் வளர்க்கும் நீரை மருந்து கம்பெனித் தரத்துக்குச் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும் என்றால், மாட்டுக்கறியைவிட 4 முதல் 25 மடங்கு அதிக வாயு வெளியாகலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் படித்தவர்கள். இரண்டுமே இன்னும் கட்டாத தொழிற்சாலையைப் பற்றிய மதிப்பீடுகள். எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எந்தச் சக்தியில் தொட்டியைச் சூடாக்குகிறாய், நீரை எப்படிச் சுத்தம் செய்கிறாய், மிஞ்சிய நீரை எங்கே விடுகிறாய் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். அந்த மிஞ்சிய நீரில் அம்மோனியாவும் லாக்டிக் அமிலமும் இருக்கும். அது எந்த ஊர் ஓடைக்குப் போகப்போகிறது?

இன்னொரு சங்கதி. செல் வளர்க்க ஆரம்ப காலத்தில் பயன்படுத்தியது கன்றுக்குட்டி சீரம். கறிக்கூடத்தில் வெட்டிய சினை மாட்டின் வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. கொல்லாமல் எடுத்த கறி என்று சொல்லிக்கொண்டு அதைச் செய்தார்கள். இப்போது சீரம் இல்லாமல் வளர்க்கும் முறை வந்துவிட்டது, சிங்கப்பூர் 2023ல் அதற்கும் அனுமதி கொடுத்தது. நல்லது. ஆனால் யாராவது விடாமல் கேட்டதால்தான் அது மாறியது.

இவ்வளவு சொன்னதால் நான் எதிர்க்கட்சி என்று நினைக்க வேண்டாம். இத்தாலி மாதிரித் தடை போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் வாழ்ந்த தொழிலிலேயே, ஒழிந்தால் நல்லது என்று சொல்ல வேண்டிய வேலைகள் உண்டு. செத்த மாட்டை உரிக்கும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினோம், அந்த வேலைக்காகவே அவர்களை எப்படித் தள்ளி வைத்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும். கழிவுக் குழியில் இறங்கி விஷவாயுவில் போனவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதும் தெரியும். ஒரு பேப்பர் அகலத்துக்குக்கூட இடமில்லாத கூண்டில் நிற்கும் கோழியின் பாடும் தெரியும். இதெல்லாம் இல்லாமல் ஒரு வாய்க் கறி கிடைக்கும் என்றால், வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

ஆனால் ஆடு வளர்ப்பையும் கோழிப் பண்ணையையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது. 2011ல் தமிழக அரசு ஏழைப் பெண்களுக்கு வீட்டுக்கு நான்கு ஆடு கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. எங்கள் உறவில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு அப்படிக் கிடைத்தது. நான்கு, ஐந்து வருடத்தில் பன்னிரண்டானது. மகளை நர்சிங் சேர்க்கும்போது எட்டு ஆடு விற்றாள். பேங்கில் போய்க் கையெழுத்துப் போடத் தெரியாதவளுக்கு அந்த ஆடுதான் பேங்க். மேய்ந்தது ஏரிக்கரைப் புல்லும் கருவேலங்காயும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 99 லட்சம் வெள்ளாடுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வீட்டு வாசலில் கட்டியவைதான். கால்நடை வளர்ப்பு ஒழிய வேண்டும் என்று வெளிநாட்டில் ஒருவர் பேசும்போது அவர் மனதில் இருப்பது ஆயிரக்கணக்கில் மாடு அடைத்த பண்ணை. அந்தப் பேச்சு இங்கே வந்து இறங்கும்போது முதலில் அடிபடுவது இந்தப் பெண்ணாக இருக்கக் கூடாது.

ஆகவே என் கருத்து இதுதான். வரட்டும். ஆனால் எங்கள் வழக்கில் சொன்ன வரிசையில் வரட்டும். கேடு இல்லை என்று கம்பெனி முதலில் காட்டட்டும். கழிவுநீர்க் கணக்கைத் தொழிற்சாலை வாசலில் எழுதிப் போடட்டும். பாக்கெட்டில் 3 சதவீதம் என்றால் 3 என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். ஆராய்ச்சி முழுவதும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் காப்புரிமையில் முடங்காமல் ஐதராபாத், கொச்சி மாதிரி நம் அரசு நிலையங்களிலும் நடக்கட்டும். கோழிப் பண்ணைக் கூண்டுகளை முதலில் காலி செய்யட்டும், வாசலில் கட்டிய நான்கு ஆட்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் முதலாளிகளுக்கும் தொழிலாளிகளுக்கும் ஒன்று சொல்வேன். குரோம் வந்தபோதும் நாம் யோசிக்கவில்லை, தீர்ப்பு வந்தபோதும் பூட்டுப் போடும் நாள் வரை யோசிக்கவில்லை. இந்த முறை பத்து வருடம் முன்கூட்டியே தகவல் வந்திருக்கிறது. அடையாறில் சி.எல்.ஆர்.ஐ. இருக்கிறது. வெட்டின ஆட்டின் தோல் மண்ணுக்குப் போகாமல், குறைந்த உப்பில், குறைந்த தண்ணீரில் எப்படிப் பதனிடுவது என்பதில் கவனம் வைத்தால், இருக்கும் வரை இந்தத் தொழில் மரியாதையோடு இருக்கும்.

சென்ற மாதம் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல சீரகச் சம்பா பிரியாணி, தயிர்ப் பச்சடி, கத்திரிக்காய். அவள் தட்டில் வெறும் சோறு. அவளிடம் மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். அண்ணன் கொண்டு வந்த செம்புத் தண்ணீரையும் சொன்னேன். இதுவரை யாரிடமும் சொல்லாதது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ நீங்க அந்தத் தண்ணியக் குடிச்சிருக்கணுமா தாத்தா?"

"குடிச்சிருக்க வேண்டாம்மா. மறுநாள் கம்பெனிக்குப் போயி, இது எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றேன்.

நான் அன்று கேட்கவில்லை. நீ கேள் என்று அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.